நூற்பட்டியலின் மௌனமும் திருச்சபை வரலாறும்

தமிழகத் திருச்சபை வரலாற்றை ஆயப்புகும் மாணவர் இன்று முதலாவது நாடுவது பல்கலைக்கழக நூலகங்களின் இணையவழி நூற்பட்டியலையே. ஹாலே, கேம்பிரிட்ஜ், சிகாகோ போன்ற தொலைநகர்களின் நூற்செல்வத்தைத் தம் அறையிலிருந்தே தேடும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியுள்ளது. இது பெரும்பேறு என்பதில் ஐயமில்லை. ஆயினும், இவ்வாய்ப்போடு ஒரு தவறான முடிபும் ஆய்வுரைகளுள் புகுந்துள்ளது. சில சொற்களை இட்டுத் தேடி, விடை வராத இடத்தில், "இப்பொருள் பற்றிய மூலச்சான்றுகள் இல்லை" என்று எழுதிவிடுகின்றனர். பட்டியலில் அகப்படாமை வேறு. உலகில் இல்லாமை வேறு. இவ்வேறுபாட்டை மறந்தால் வரலாறே திரிபடையும்.

பட்டியல் ஒவ்வொன்றும் ஒரு காலத்தின் சொற்களால் அமைந்தது. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்க் இயற்றிய தமிழ் இலக்கணம் 1716இல் ஹாலேயில் அச்சாயிற்று. அதன் இலத்தீன் தலைப்போ 'கிராமாட்டிக்கா டமுலிகா' என்பது. அவர் 1713இல் எழுதி, 1867இல் சென்னையில் அச்சேறிய தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றிய நூலின் ஜெர்மன் தலைப்பு, அத்தெய்வங்களை 'மலபார்' தெய்வங்கள் என்கிறது. அக்கால ஐரோப்பியர் தமிழரையும் அச்சொல்லாலேயே சுட்டினர். எனவே, 'தமிழ்' என்னும் சொல்லை மட்டும் தலைப்பில் தேடுவோர் இவ்விரு நூல்களையும் காணாமற் போகலாம். மறுபுறம், 'மலபார்' எனத் தேடுவோர்க்கு இன்றைய கேரளம் பற்றிய நூல்களே திரளாக வந்து குவியும்.

எழுத்துப்பெயர்ப்பு இரண்டாவது தடையாகும். மேலைநாட்டு நூலகங்கள் பல பின்பற்றும் முறையில் ககரம் எவ்விடத்தும் 'கே' என்னும் ஒரே ரோம எழுத்தைப் பெறும். நாமோ ஒலிப்பை நோக்கிச் சில இடங்களில் 'ஜி' என எழுதுகிறோம். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரின் (1774–1864) பெயரில் இவ்வேறுபாடு நேரே புலப்படும். 'நாயகம்' என்பதை 'ஜி' இட்டுத் தேடுவோர்க்கு அவருடைய நூல்களுள் ஒரு பகுதி மறைந்தே நிற்கலாம். ஒருவருடைய பெயரின் பல வடிவங்களையும் ஒன்றாக இணைக்கும் பெயர்ப்பதிவு நல்ல பட்டியல்களில் உண்டு. அது பட்டியலாளரின் பாராட்டத்தக்க உழைப்பு. அதனை நாடாமல் தேடுவது நம் குறையேயாகும்.

பொருள்தலைப்புகளும் காலத்தோடு மாறுகின்றன. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தலைப்புகளில் முன்பு 'தீண்டத்தகாதவர்' எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல் வழங்கிற்று. பின்னர் 'தலித்துகள்' என்பது அவ்விடத்தைப் பெற்றது. பழைய அறிக்கைகளோ இன்று நாம் விரும்பாத பல பெயர்களைத் தம் தலைப்பிலேயே தாங்கியுள்ளன. அவ்வாறே, தென்னிந்தியத் திருச்சபை 1947இல் உருவாயிற்று. அதற்கு முற்பட்ட ஏடுகளை அதன் பெயரில் தேடுதல் வீண். எஸ்.பி.ஜி., சி.எம்.எஸ்., லண்டன் மிஷன் முதலான பெயர்களின் கீழேயே அவற்றைத் தேட வேண்டும்.

இவையெல்லாம் தேடுவோரின் விழிப்பினால் நீங்கக்கூடிய தடைகள். இவற்றினும் ஆழமான குறை ஒன்று உண்டு. பட்டியல் பெரும்பாலும் நூலின் புறத்தை விவரிக்கிறது. அகத்தில் பேசுவோர் அனைவரையும் அது பெயர் சொல்லிக் காட்டுவதில்லை. 1733இல் குருப்பட்டம் பெற்ற ஆரோன், தமிழருள் முதல் சீர்திருத்தத் திருச்சபைப் போதகர் ஆவார். அவரைப் பற்றிய செய்திகள் 1710 முதல் வெளிவந்த ஹாலே அறிக்கைகளில் விரவிக் கிடக்கின்றன. பட்டியலிலோ அத்தொகுதிகள் மிஷனின் பெயராலும் ஐரோப்பியப் பதிப்பாசிரியர் பெயராலுமே நிற்கின்றன. உபதேசியார், வேதாகமப் பெண்கள், பள்ளி ஆசிரியர் ஆகியோரின் நிலையும் இதுவே. அவர்கள் தலைப்புப் பக்கத்திற்கு வரவில்லை. ஆதலால் தேடுபெட்டிக்கும் வருவதில்லை. பட்டியலின் முதற்பக்க விடைகளை மட்டும் கொண்டு எழுதப்படும் திருச்சபை வரலாறு, மிஷனெரிகளின் வரலாறாகவே முடிவது இதனால்தான்.

சீர்காழியில் 1892இல் பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, 1931இல் நூலகவியலின் ஐந்து விதிகளை வெளியிட்ட எஸ். ஆர். இரங்கநாதன், நூல் தனக்குரிய வாசகரை அடையாமல் கிடத்தலை நூலகத்தின் தோல்வியாகவே கருதினார். அவ்வளவுகோலால் அளந்தால், இன்றைய பட்டியல்கள் பெரிதும் வளர்ந்தும் இன்னும் நிறைவெய்தவில்லை.

ஆகவே, ஆய்வு மாணவர் ஒரு பொருளைத் தேடுமுன் அதற்குக் காலந்தோறும் வழங்கிய பெயர்களைத் தொகுத்துக்கொள்வாராக. ஏற்ற நூலொன்று கிடைத்ததும் அதன் பொருள்தலைப்பைப் பற்றிக்கொண்டு மேலும் தேடுவாராக. அறிக்கைத் தொகுதிகளைத் திறந்து உள்ளடக்கத்தைத் தாமே படிப்பாராக. இறுதியில் ஒன்றும் கிட்டாவிடின், எந்நூலகத்தில், எச்சொற்களால், எந்நாளில் தேடினார் என்பதைத் தம் ஆய்வுரையில் குறிப்பாராக. சான்று இல்லை என்று எழுத அதன் பின்னரும் தயங்குவதே நலம். அவ்வொரு வாக்கியம் முன்னோர் சிலருடைய பெயரை மீண்டும் ஒருமுறை மறைத்துவிடக்கூடும்.