38 என்னும் எல்லைக்கோடு

கருவுற்று 20 வாரங்கள் கடந்தபின் ரத்த அழுத்தம் 140/90 என்ற அளவை எட்டி, அதனுடன் சிறுநீரில் புரதம் வெளியேறுவதோ கல்லீரல், சிறுநீரகம் போன்ற உறுப்புகள் பாதிக்கப்படுவதோ சேர்ந்தால், அந்நிலை ப்ரீஎக்லாம்ப்சியா எனப்படுகிறது; வலிப்பும் கண்டுவிட்டால் அது எக்லாம்ப்சியா. பெங்களூருவில் செயின்ட் ஜான்ஸ் ஆராய்ச்சி நிறுவனம் பங்கேற்று, முதன்முறை கருவுற்ற 11,000 பெண்களிடம் நடந்து 2024-இல் வெளியான கால்சியம் ஆய்வில், நாளொன்றுக்கு 500 மி.கி. பெற்றவர்களில் 3.0 சதவீதத்தினருக்கும், 1,500 மி.கி. பெற்றவர்களில் 3.6 சதவீதத்தினருக்கும் ப்ரீஎக்லாம்ப்சியா வந்தது. ஆய்வின் கண்காணிப்பில் இருந்த பெண்களிடையே கண்ட அளவே இது.

நோயின் வேர் நஞ்சுக்கொடியில் இருக்கிறது. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று பாஸ்டனில் ஆய்வு செய்த அனந்த் கருமாஞ்சியின் குழு 2003-இல் காட்டியபடி, நோயுற்ற நஞ்சுக்கொடி எஸ்.எஃப்.எல்.டி-1 என்ற புரதத்தை மிகுதியாக ரத்தத்தில் கலக்கிறது. ரத்தநாளங்களைப் பேணும் பி.எல்.ஜி.எஃப். என்ற வளர்ச்சிக் காரணியை அது பிடித்துக்கொள்வதால், தாயின் உடலெங்கும் நாளங்களின் உட்சுவர் பழுதடைகிறது. இவ்விரண்டின் விகிதத்தை அளப்பதே இந்நோய்க்கான இன்றைய ரத்தப் பரிசோதனை.

2016-இல் வெளியான ப்ரோக்னோசிஸ் ஆய்வு அவ்விகிதத்துக்கு 38 என்ற எல்லையை வகுத்தது. நோய் இருக்குமோ என்ற ஐயத்துக்குரிய பெண்ணுக்கு விகிதம் அதற்கு மிகாதிருந்தால், அடுத்த ஒரு வாரத்தில் நோய் வராது என்ற கணிப்பு 99.3 சதவீதம் பலித்தது. தேவையற்ற மருத்துவமனைச் சேர்க்கையையும் அவசரப் பிரசவத்தையும் தவிர்க்க இது பெரிதும் உதவும். ஆயினும் ஐயத்துக்குரியவர்களிலும் பெரும்பாலோர்க்கு அந்த ஒரு வாரத்தில் நோய் எப்படியும் வருவதில்லை என்பதால், அந்த எண்ணின் பெருமையில் ஒரு பங்கு நோயின் அரிதான தன்மைக்கே உரியது. விகிதம் 38-ஐ மீறியவர்களிலோ, நான்கு வாரங்களுக்குள் நோய் கண்டவர்கள் 36.7 சதவீதமே, ஏனையோர், அதாவது மூவரில் ஏறத்தாழ இருவர், அஞ்சியது வீண். இப்பரிசோதனை நோயை விலக்கத் தெரிந்த அளவுக்கு உறுதிப்படுத்தத் தெரியாதது.

பயன் கிட்டுமா என்பதிலும் சான்றுகள் ஒன்றுபடவில்லை. பிரிட்டனில் 2019-இல் வெளியான ஆய்வில், பி.எல்.ஜி.எஃப். அளவை மட்டும் காட்டும் பரிசோதனையின் முடிவை மருத்துவர்கள் அறிந்தபோது நோயறிய ஆன காலம் 4.1 நாளிலிருந்து 1.9 நாளாகக் குறைந்தது, தாய்க்கு நேரும் கடும் சிக்கல்களும் குறைந்தன. அயர்லாந்தில் அதே முறை, தாய் சேய் நலனில் தெளிவான முன்னேற்றம் எதையும் காட்டவில்லை. முடிவு கைக்கு வந்தபின் அந்த மருத்துவமனை என்ன செய்கிறது என்பதே இங்கு தீர்மானிக்கிறது.

பெங்களூருவில் தனியார் ஆய்வகங்கள் சில ஆயிரம் ரூபாய்க்கு இந்த விகிதப் பரிசோதனையைச் செய்துதருகின்றன. ஒரு வாரத்துக்கு மட்டுமே உறுதி தரும் பரிசோதனையை ஐயம் தொடரும்வரை திரும்பச் செய்ய வேண்டியிருக்க, தினக்கூலிக் குடும்பத்துக்கு அது எட்டாத செலவு. சோதனைகளையும் பிரசவத்தையும் கட்டணமின்றித் தர 2011-இல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டம் இருக்க, வாணி விலாஸ் போன்ற, வெளியிலிருந்து கர்ப்பிணிகள் அனுப்பப்படும் அரசு மருத்துவமனைகளில், 37 வாரம் நிறையாத ஐயத்துக்குரிய பெண்களுக்கு மட்டும் முதலில் இதை இலவசமாக்குவதே முறை. எல்லாக் கர்ப்பிணிக்கும் இதை விற்க முனைவது தவறு. ஆரம்பச் சுகாதார நிலையத்தில் பிழையின்றி அளக்கும் ரத்த அழுத்தக் கருவியும், சிறுநீர்ப் புரதம் காட்டும் பட்டையும், வலிப்பு அபாயத்தைப் பாதியாகக் குறைப்பதாக 2002-இலேயே நிறுவப்பட்ட மெக்னீசியம் சல்பேட் ஊசியும் இல்லாத இடத்தில், இவ்விகிதம் எந்தத் தாயையும் காப்பாற்றாது.