கைசேதம் அறியுமோ இயந்திரம்?

இராயபுரத்துக் கரையிலிருந்து நோக்கினால் துறைமுகத்துப் பாரந்தூக்கிகள் தெரியும். பெட்டி நழுவி விழுந்தால் பாரந்தூக்கி வருந்துவதில்லை. அதை இயக்கியவன் நெஞ்சே பதறும். 2010-இல் ஷங்கர் இயக்கத்தில் வெளிவந்த 'எந்திரன்' படத்தை இவ்வுரைகல்லில் உரைத்துப் பார்க்கலாம்.

தீவிபத்தின்போது, குளித்துக்கொண்டிருந்த இளம்பெண்ணைச் சிட்டி என்னும் இயந்திர மனிதன் ஆடையின்றியே தூக்கிவந்து கூட்டத்தின் முன் நிறுத்துகிறது. நாணம் தாளாது ஓடியவள் வாகனத்தில் அடிபட்டு மாள்கிறாள். உயிரைக் காக்கக் கற்ற இயந்திரம் ஹயாவைக் கற்கவில்லை. படத்தின் மிகச் சிறந்த காட்சி இதுவே. பின்னர்ச் சிட்டிக்கு உணர்ச்சி வந்ததாகக் கதை சொல்கிறது. வந்த உணர்ச்சி காதலாகிறது, பொறாமையாகிறது. மாண்ட பெண்ணுக்காகக் கைசேதமாக மட்டும் ஆகவில்லை. கதை சறுக்கும் இடம் இது.

தவ்பாவுக்கு மூன்று நிபந்தனைகளை உலமாக்கள் வகுத்தனர்: பாவத்தை விடுதல், அதற்காக வருந்துதல், மீளாதிருக்க உறுதி பூணுதல். இன்றைய உரையாடும் இயந்திரங்கள், பிழையைச் சுட்டினால் அழகு தமிழில் மன்னிப்புக் கேட்கின்றன, திருத்திக்கொள்ளவும் செய்கின்றன. முதலாவதற்கும் மூன்றாவதற்கும் சாயல் கிடைத்துவிட்டது. நடுவிலுள்ளதோ கல்பின் செயல். நாவின் சொல்லால் அதை நிறுவ இயலாது. ரூஹைப் பற்றி நமக்கு அளிக்கப்பட்ட அறிவு சொற்பமே என்பது இறைமறையின் எச்சரிக்கை. ஆதலின், இயந்திரத்தின் மன்னிப்பில் மயங்குமுன், நம் மன்னிப்புகளில் கைசேதம் உண்டா என வினவிக்கொள்வோமாக!