யார் ‘ஸ்கில்டு’?

திருப்பூர் அனுப்பர்பாளையத்துப் பாத்திரப் பட்டறைகளில் தகடு வெட்டுபவர், பற்றவைப்பவர், தட்டி வடிவுக்குக் கொண்டுவருபவர், பாலிஷ் போடுபவர் என்று ஆளை வேலையைச் சொல்லித்தான் குறிப்பிடுவார்கள். பித்தளைக் குடத்துக்கும் அண்டாவுக்கும் பேசி முடித்த பீஸ் ரேட் உண்டு. பக்கத்துப் பனியன் கம்பெனியில் கதை வேறு. கட்டிங் மாஸ்டரும் பவர் டேபிள் டெய்லரும் ‘ஸ்கில்டு’. கைமடிப்பவரும் பிசிர் வெட்டுபவரும் வெறும் ‘ஹெல்பர்’. சட்டமும் இந்த ஏணியை ஏற்றிருக்கிறது. குறைந்தபட்ச ஊதியத்தை நிர்ணயிக்கும்போது திறனற்றோர், அரைத்திறனாளர், திறனாளர், உயர்திறனாளர் என்ற நான்கு படிகளையோ, வேலை நடக்கும் பகுதியையோ, இரண்டையுமோ முதன்மையாகக் கருத வேண்டும் என்கிறது 2019 ஊதியச் சட்டத் தொகுப்பின் 6ஆம் பிரிவு. வெக்கை, ஆபத்து போன்ற வேலையின் கடுமையை அரசு விரும்பினால் சேர்த்துக்கொள்ளலாம், அவ்வளவே.

ஏணியால் நன்மை இல்லாமல் இல்லை. பெயரிட்ட படி இருந்தால்தான், ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்த டெய்லர்கூட ‘எனக்கு இன்ன கூலி’ என்று கேட்க முடியும். கோளாறு, படி யாருக்கு என்று தீர்மானிக்கும் முறையில் இருக்கிறது. பிசிர் வெட்டும் கத்திரியின் முனை ஒரு கண்ணியில் பட்டால் போதும், பின்னல் துணியில் ஓட்டை விரிந்து தைத்து முடித்த பீஸே தரம் குறைந்த ‘செகண்ட்ஸ்’ சரக்குக்குப் போய்விடும். அதைத் தடுக்கும் கைக்குத் திறன் இல்லை என்று எந்த அளவுகோல் சொன்னது? கிழக்கு லண்டனின் டேகன்ஹாமில் ஃபோர்டு ஆலையில் கார் இருக்கை உறை தைத்த பெண்கள், தங்களைக் கீழ்ப்படியில் வைத்ததை எதிர்த்து 1968இல் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்ந்தது, படி உயர 1984இல் இன்னொரு வேலைநிறுத்தம் தேவைப்பட்டது. இடைப்பட்ட 16 ஆண்டுகளில் அவர்கள் தையலைப் புதிதாகக் கற்றுக்கொள்ளவில்லை. மாறியது பேரம்.

ஹெல்பர் வேலையை ஒரு வாரத்தில் பழகலாம், டெய்லருக்கு மாதங்கள் ஆகுமே என்பார்கள் முதலாளிகள். நியாயமான வாதம்தான். ஆனால் கற்கும் காலமே அளவென்றால், பெண்கள் வீட்டில் பழகிய கைநேர்த்தியும் அந்தக் கணக்கில் ஏற வேண்டும். அது ‘இயல்பு’ என்று தள்ளப்படுவதை ஆய்வாளர்கள் டயான் எல்சனும் ரூத் பியர்சனும் 1981லேயே சுட்டிக்காட்டினார்கள். வேலைக்கு வேலை அளவு வைத்தால் குழப்பம்தான் மிஞ்சும் என்பது இன்னொரு மறுப்பு. பாத்திரத் தொழிலில் வகைவாரியாக ரேட் பேசத்தானே செய்கிறார்கள்? ஆனால் பீஸ் ரேட்டில் வேலை இல்லாத நாளுக்குக் கூலி இல்லை. ஆகவே அதை அப்படியே பனியனுக்குக் கொண்டுவரச் சொல்லவில்லை. நாட்கூலியும் ஏணியும் இருக்கட்டும். எந்த வேலை எந்தப் படி, ஏன் என்பதைக் கூலி ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். அதை எழுதும் மேசையில் ஹெல்பர்களுக்கும் நாற்காலி போட வேண்டும்.