பட்டவராயனின் கால் அளவு

போன ஆவணியில் பாளையங்கோட்டையில் ஒரு பழைய சாமான் கடையில் மரக்கால் ஒன்று வாங்கினேன். நெல் அளக்கிற மரக்கால் இல்லை. நிஜமாகவே மரத்தில் கடைந்த கால். இடது கால் மட்டும், வலதைக் காணோம். கடைக்காரருக்கு அது என்னவென்றே தெரியவில்லை, பேப்பர் வெயிட்டாக வைத்துக்கொள்ளுங்கள் என்று கொடுத்தார்.

அது சூ தைக்கிற கட்டை. தொழிலில் இருப்பவர்கள் இப்போது இங்கிலீஷிலேயே ‘லாஸ்ட்’ என்கிறார்கள். கணுக்காலுக்குச் சற்று முன்னால் குறுக்கே ‘வி’ வடிவில் ஒரு வெட்டு, உள்ளே ஒரு இரும்புப் பட்டையும் ஸ்பிரிங்கும். குதிங்கால் பக்கத்தைப் பிடித்து நெம்பினால் ‘டொக்’ என்று மடங்கும். மடங்கியதும் கட்டையின் நீளம் கொஞ்சம் குறையும். அந்தக் கொஞ்சம்தான் விஷயமே.

தோலை ஈரப்படுத்தி, இந்தக் கட்டைமேல் இழுத்துப் போர்த்தி, அடியில் ஆணி அடித்துக் காயவிடுவார்கள். காய்ந்த தோல் கட்டையை முன்னால் விரல் பக்கமும் பின்னால் குதிங்கால் பக்கமும் கவ்விப் பிடித்துக்கொள்ளும். மடங்காத முழுக் கட்டையாக இருந்தால் அதை உருவுவதற்குள் சூவின் பின்பக்கம் நைந்துவிடும். அதற்காக மேல்பகுதியில் ஒரு துண்டைத் தனியாக வெட்டி வைத்து, முதலில் அதைக் கழற்றிவிட்டு மிச்சத்தை உருவுகிற கட்டைகள் வந்தன. கீல் வைத்த கட்டை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில் பரவியது. அங்கே 1820 வாக்கிலேயே தாமஸ் பிளான்சார்ட் என்பவர் துப்பாக்கிக் கட்டை கடைய ஒரு கடைசல் இயந்திரம் செய்திருந்தார். ஒரு மாதிரியைத் தடவிப் பார்த்து அதேபோல இன்னொன்றைக் கடையும் இயந்திரம். அதிலேயே சூ கட்டையும் கடைய ஆரம்பித்தார்கள்.

இதை மேஜையில் வைத்துக்கொண்டுதான் முத்துப்பட்டன் கதையைத் திரும்ப வாசித்தேன். நா. வானமாமலை பதிப்பித்து மதுரைப் பல்கலைக்கழகம் 1971இல் வெளியிட்டது. கல்லூரி நாளில் ஒரு தடவை படித்திருக்கிறேன். அப்போது கண்ணில் படாத ஒன்று இந்தத் தடவை பட்டது. அதைச் சொல்லத்தான் இந்தக் குறிப்பு.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: முத்துப்பட்டன் பிராமணன். பாபநாசம் மலைப்பக்கம் பொம்மக்கா, திம்மக்கா என்கிற இரண்டு பெண்களைப் பார்த்து மயங்குகிறான். அவர்கள் வாலப்பகடையின் மகள்கள். கதை சொல்கிற சொல்லில் சக்கிலியர். இன்று அந்த மக்கள் தங்களுக்கு ஏற்றிருக்கும் பெயர் அருந்ததியர். 2009இல் தமிழ்நாடு அரசு அவர்களுக்கு 3 சதவீத உள்ஒதுக்கீடு கொடுத்த சட்டத்திலும் அந்தப் பெயர்தான் இருக்கிறது. பெண் கேட்டு வந்தவனிடம் வாலப்பகடை நிபந்தனை போடுகிறார். குடுமியை எடு, பூணூலை அறு, செருப்புத் தைத்துக் கொண்டுவா. அண்ணன்மார் பூட்டி வைத்தும் தப்பி வந்து பட்டன் எல்லாவற்றையும் செய்கிறான். கல்யாணம் ஆகிறது. பிறகு மாட்டுக் கிடையைக் காக்கப் போய்ச் சண்டையில் செத்துப்போகிறான். பெண்கள் சிங்கம்பட்டி அரசனிடம் அனுமதி வாங்கித் தீப்பாய்கிறார்கள். காரையார் சொரிமுத்தையனார் கோயிலில் இன்றைக்கும் அவன் பட்டவராயன். அவனுக்குக் காணிக்கை தோல் செருப்பு.

வானமாமலை நாங்குநேரிக்காரர், நெல்லை ஆய்வுக் குழுவை நடத்தியவர், ‘ஆராய்ச்சி’ இதழாசிரியர். இந்தக் கதையில் அவர் செய்த பெரிய காரியம் பெண்களின் பிறப்பைப் பற்றியது. ஒரு வடிவத்தில் அவர்கள் பகடை வீட்டிலேயே பிறந்தவர்கள். இன்னொன்றில் அவர்கள் பிராமணக் குழந்தைகள். காட்டில் கிடந்தவர்களை வாலப்பகடை எடுத்து வளர்த்தார். இரண்டாவது, பின்னால் ஒட்டவைத்தது என்று வானமாமலை வாதிட்டார். சரியான வாதம். கட்டையை மடக்குகிற மாதிரியான வேலை அது: உள்ளே இருக்கிற சாதிக் கலப்பை மட்டும் சத்தமில்லாமல் உருவிவிடலாம், கதை வெளியில் பார்க்கக் கிழியாமல் அப்படியே நிற்கும். (உவமை இதோடு போதும். கட்டை கையில் இருந்தால் எல்லாமே கட்டையாகத்தான் தெரிகிறது.)

ஆனால் பிறப்பைப் பற்றி இவ்வளவு பேசிய நாம் செருப்பைப் பற்றி என்ன பேசினோம்? வானமாமலையிலும் சரி, அவருக்குப் பின்னால் எழுதியவர்களிலும் நான் படித்த அளவில் சரி, செருப்பு ஓர் அடையாளமாக மட்டுமே வருகிறது. குடுமி, பூணூல், செருப்பு என்று மூன்றையும் ஒரே வரிசையில் வைத்து, சாதியை விட்டதற்கு மூன்று சான்று என்று கணக்கு முடிகிறது. வில்லுப்பாட்டிலும் இதைத்தான் கேட்டிருக்கிறேன். பூணூல் அறுக்கிற இடத்தில் குடம் அதிரும், உடுக்கு துள்ளும். செருப்புத் தைக்கிற இடம் இரண்டு மூச்சில் கடந்துவிடும்.

எனக்கு இந்த வரிசை ஒப்பவில்லை. குடுமியை எடுப்பதும் பூணூலை அறுப்பதும் ஒரு நொடி வேலை. ஆத்திரத்தில்கூடச் செய்துவிடலாம். செருப்பை ஆத்திரத்தில் தைக்க முடியாது. தோலைச் சுண்ணாம்பில் ஊறப்போட்டு மயிர் நீக்கி, ஆவாரம்பட்டைத் தண்ணீரில் வாரக்கணக்கில் போட்டுப் பதப்படுத்தணும். அந்த வாடையோடு இருக்கணும். பதமான தோலை எந்தப் பக்கம் வெட்டினால் இழுபடும், எந்தப் பக்கம் வெட்டினால் நிற்கும் என்று விரலுக்குத் தெரியணும். ஊசி வாரைத் துளைத்து வருகிற இடம் ஒரு நூல் தப்பினாலும் நடக்கும்போது காலை அறுத்துவிடும். பூணூலை அறுத்ததாகப் பொய் சொல்லலாம். துண்டைப் போட்டு மறைக்கலாம். தைத்து வந்த செருப்பைக் காலில் போட்டு நாலு எட்டு வைத்தால் தெரிந்துவிடும்.

அதாவது, வாலப்பகடை போட்ட மூன்று நிபந்தனைகளில் இரண்டு விடுவது, ஒன்று கற்பது. கற்றானா என்று சொல்லத் தகுதியுள்ள ஒரே ஆள் அந்தக் கதையில் அவர்தான். படித்தவன், பெரிய வீட்டுப் பிள்ளை, தான் செய்த பொருளை எடுத்துக்கொண்டு வந்து ஒரு தொழிலாளி முன்னால் நிற்கிறான். அவர் திருப்பிப் பார்க்கிறார். தீர்ப்பு அவருடையது. அப்படி ஓர் இடம் நம் கதைப்பாடல்களில் வேறு எங்கே இருக்கிறது?

ரோமாபுரியின் பிளினி எழுதி வைத்த ஒரு கதை இதற்கு நேர் எதிரானது. அபெல்லஸ் என்ற கிரேக்க ஓவியர் தன் படத்தை வெளியே வைத்துவிட்டு, போகிறவர் வருகிறவர் என்ன சொல்கிறார்கள் என்று மறைவில் நின்று கேட்பாராம். செருப்புத் தைக்கிறவர் ஒருவர் படத்தில் செருப்பின் வார் தப்பாக இருக்கிறது என்றார். அபெல்லஸ் திருத்திவிட்டார். மறுநாள் அதே ஆள் காலையும் குறை சொல்ல, அபெல்லஸ் வெளியே வந்து, செருப்புக்கு மேலே போகாதே என்று அதட்டினாராம். இங்கிலீஷ்காரர்கள் இதைப் பழமொழியாக்கியபோது செருப்பை எடுத்துவிட்டு இந்தக் கட்டையை வைத்தார்கள்: உன் கட்டையோடு நில். விமர்சனம் பற்றிப் பேசும்போதெல்லாம் இந்தக் கதை ஓவியர் பக்கம் நின்றே சொல்லப்படுகிறது. ஒரு நாள் முந்தி அந்தச் செருப்புத் தைக்கிறவர் சொன்னது சரியாக இருந்ததே, அதை யாரும் பெரிதாக எடுப்பதில்லை. தாமிரபரணிக் கரைக் கதையில் செருப்புத் தைக்கிறவரை அதட்ட ஆள் இல்லை.

சரி, பட்டன் தைத்த செருப்புக்குக் கட்டை தேவைப்பட்டிருக்குமா? இருக்காது. கட்டை வேண்டியது காலை மூடுகிற சூவுக்கு. அடித்தோலும் மேலே வாரும் பெருவிரல் வளையமும் உள்ள திறந்த செருப்புக்குக் காலே போதும். போடப்போகிறவரின் காலைத் தோல்மேலோ பேப்பர்மேலோ வைத்துச் சுற்றிக் கோடு போட்டால் அதுதான் அளவு.

இங்கேதான் எனக்கு என் தாத்தா ஞாபகம் வந்தார். எங்கள் ஊர் கொற்கை. தாத்தாவுக்குச் செருப்புத் தைக்கிறவர் வருஷத்துக்கு ஒரு தடவை வருவார். திண்ணைக்குக் கீழே, முற்றத்தில் நிற்பார். தாத்தா ஒரு தினத்தந்தியைக் கீழே போட்டு அதன்மேல் காலை வைப்பார். அந்த மனிதர் குனிந்து கரித்துண்டால் கோடு இழுப்பார். கரி காலில் பட்டுவிடக் கூடாது. அதனால் விரற்கடை தள்ளியே கோடு போகும். தாத்தாவின் செருப்பு எப்போதும் தொளதொள என்றுதான் இருக்கும். படியேறும்போது படக் படக் என்று அடிக்கும். ‘அவனுக்குக் கை வளையல’ என்று தாத்தா திட்டுவார். நாங்களும் சிரிப்போம். அந்த மனிதர் தன் பிள்ளைகளுக்குத் தைத்துப் போட்டிருந்த செருப்பு கச்சிதமாக இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். இரண்டையும் சேர்த்து யோசிக்க எனக்கு முப்பது வருஷமும் ஒரு மரக்கட்டையும் தேவைப்பட்டிருக்கிறது. தொளதொளத்தது அவருடைய கையால் அல்ல. நாங்கள் விடச் சொன்ன விரற்கடையால்.

கட்டையில் செய்கிற சூவுக்கு இந்தப் பாடே இல்லை. யார் காலையும் யாரும் தொட வேண்டாம். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் இராணிப்பேட்டையிலும் தைக்கிற சூ எந்த நாட்டில் யார் காலுக்குப் போகிறது என்று தைக்கிறவருக்குத் தெரியாது. கட்டையே இப்போது பெரும்பாலும் பிளாஸ்டிக். இதில் ஒரு நுணுக்கம்: கட்டை காலின் நகல் இல்லை. அதற்கு விரல் கிடையாது. காலைவிட முன்பக்கம் நீளம், கணுக்கால் பக்கம் ஒடுக்கம், அடி விளிம்பு கத்திபோல் கூர். ஐரோப்பாவில் 1600 வாக்கிலிருந்து 1800 வரைக்கும் பெரும்பாலும் இடது வலது வித்தியாசமே இல்லாத நேர்க்கட்டைகள்தான். இருக்கிற ஒரு காலை அல்ல, சராசரியான ஒரு காலைக் கடைந்து வைப்பது அது. தொடாமல் அளக்கிற பிரச்சினையைத் தொழிற்சாலை அப்படித் தீர்த்துக்கொண்டது. அதைச் சமத்துவம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் தாத்தாவின் தினத்தந்தியை நினைத்தால் முழுக்க மறுக்கவும் முடியவில்லை.

கொற்கையில் தொல்லியல் துறை 1968–69இல் தோண்டியது. சங்கும் சிப்பியும் கிடைக்கிற மண் எங்களுடையது. சங்கறுத்தவர் விட்டுப்போன துண்டு ஆயிரம் வருஷம் கழித்தும் அவருக்குச் சாட்சி சொல்லும். தோல் வேலை செய்தவருக்கு அப்படி எதுவும் மிஞ்சாது. ஈர மண்ணில் தோல் மக்கிப்போகும். பெரும்பாணாற்றுப்படை பாதத்தை மறைக்கிற காப்பு அணிந்த வணிகரைக் காட்டுகிறது, ஆனால் அதைத் தைத்தது யார் என்று சொல்வதில்லை. தைத்தவரைப் பற்றிப் பேச நமக்கு மிஞ்சியிருப்பது முத்துப்பட்டன் கதை மாதிரி ஒன்றிரண்டு. அதனால்தான் அந்த இரண்டு மூச்சுக்காக இவ்வளவு மல்லுக்கு நிற்கிறேன்.

இந்த ஆடி அமாவாசைக்கு ஏரலில் இருந்து வேனில் காரையார் போனேன். பட்டவராயன் சன்னதியில் செருப்புகள். காணிக்கையாக வந்த செருப்பு அடுத்த வருஷம் நடந்து தேய்ந்த மாதிரி இருக்கும் என்று சொல்வார்கள். பட்டவராயன் ராத்திரியில் போட்டுக்கொண்டு காட்டைச் சுற்றுகிறானாம். படித்தவர்கள் இதைக் கேட்டு ஈரப்பதம், பூஞ்சை என்று விளக்கம் வைத்திருக்கிறார்கள். எனக்குப் பிடித்தது வேறு. தேய்மானத்தைப் பார்த்து ஆளைச் சொல்வது செருப்புத் தைக்கிறவரின் கண். குதிங்காலின் வெளிப்பக்கம் தேய்ந்திருந்தால் இன்ன நடை, பெருவிரலுக்குக் கீழே தேய்ந்தால் இன்ன நடை என்று அடித்தோலைப் புரட்டியே சொல்லிவிடுவார்கள். சாமி இருக்கிறது என்பதற்கு இந்தக் கோயில் கேட்கிற சாட்சியும் அதே கண் பார்த்துச் சொல்வதுதான். மாமனார் வைத்த சோதனை இன்னும் முடியவில்லை போல.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி இருந்தது. சாமி காலை அளந்தது யார்? திரும்பி வந்து பாளையங்கோட்டையில் எனக்குத் தெரிந்த ஒரு வயதான தொழிலாளியிடம் கேட்டேன். இந்தக் கட்டையின் கீலை எண்ணெய் விட்டு மடக்கிக் காட்டியவரும் அவர்தான். அவர் அப்பா காரையாருக்குச் செருப்புத் தைத்துக் கொடுத்தவர்.

“சாமிக்கு அளவு எப்படிப் போடுவாங்க அண்ணாச்சி?”

“அவரு காலை எவன் பாத்தான் தம்பி? எங்க அப்பா தோலைக் கீழ விரிச்சு, அது மேல தன் காலத்தான் வைப்பாவ. நாந்தான் கோடு போடுவேன். காலை ஒட்டி, இறுக்கி. அதுக்கு அப்புறம் நாலு விரல் கூட்டி வெட்டணும், சாமில்லா.”

கட்டையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வலது கிடைத்தால் கொண்டு வாங்க, ஒத்தைக் கட்டையில ஒண்ணும் தைக்க முடியாது என்றார்.