பெல்ட் புதுசு, கோளாறு பழசு

எங்கள் பிளான் பிரிண்ட் கடையில் 42 அங்குல பிளாட்டர் ஒன்று பல வருடங்களாக ஓடுகிறது. A0 தாளில் அது போடும் கோட்டின் கூர்மைக்கு நான் இன்றும் அடிமை. வேகம், நினைவகம், இங்க் அளவு எல்லாம் வாங்குபவர்களுக்குத் தெரிந்ததே. நான் சொல்ல வந்தது கேரியேஜ் பெல்ட்டைப் பற்றி, குறிப்பாக அதை மாற்றிய பிறகு வரும் தலைவலியைப் பற்றி.

எங்கள் ஊர் கடலோரம். இந்த வகை பாலியூரிதேன் பெல்ட் காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து சிதையும். முதலில் பிசுபிசுக்கும், பிறகு கறுப்புத் துகளாக உதிரும். எத்தனை தாள் அச்சிட்டோம் என்பதற்கும் இதற்கும் பெரிய சம்பந்தமில்லை. சும்மா நின்றாலும் உதிரும்.

புது பெல்ட்டை மாட்டி ஸ்விட்சைப் போட்டால் கேரியேஜ் ஒரு பக்கம் வேகமாகப் போய் முட்டி நிற்கும், திரையில் கேரியேஜ் எரர் வரும். உடனே எல்லோரும் பெல்ட் சரியில்லை என்கிறார்கள். பெரும்பாலும் குற்றவாளி என்கோடர் ஸ்ட்ரிப்தான். கேரியேஜ் எங்கே நிற்கிறது என்பதை மெஷினுக்குச் சொல்வது பெல்ட் இல்லை. முழு அகலத்துக்கும் இழுத்துக் கட்டிய அந்த மெல்லிய பிளாஸ்டிக் பட்டை. அதிலுள்ள நுண்கோடுகளைக் கேரியேஜின் பின்னாலுள்ள சென்சார் ஒளியால் எண்ணிக்கொண்டே போகும். பழைய பெல்ட்டின் கறுப்புத் துகள் அதில் ஒட்டியிருந்தால் எண்ணிக்கை தப்பும். மோட்டார் தான் எங்கேயோ இருப்பதாக நினைத்துக்கொண்டு ஓடும்.

ஆகவே பவரை அணைத்து, நூல் உதிராத துணியைச் சுத்தமான தண்ணீரில் லேசாக நனைத்து, ஸ்ட்ரிப்பை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெதுவாகத் துடையுங்கள். தின்னர் கிட்டவே வரக்கூடாது, கோடுகளே அழிந்துவிடும். பட்டை சென்சாரின் பிளவுக்குள் சரியாக நுழைந்திருக்கிறதா, அதை இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங் கொக்கியில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். பெல்ட் மாட்டும் அவசரத்தில் கை பட்டு இது நழுவுவது சகஜம்.

அடுத்தது இழுவிசை. பவர் இல்லாமல் கேரியேஜைக் கையால் தள்ளிப் பாருங்கள். ஒரே இடத்தில் மட்டும் தடுத்தால் ரெயிலில் அழுக்கு, அல்லது இங்க் டியூப் சிக்குகிறது. முழு தூரமும் கனமாக இருந்தால் பெல்ட் அதிகமாக இறுகியிருக்கிறது. தொளதொள என்றால் திரும்பும் இடத்தில் பல் தாவும். டென்ஷனர் ஸ்பிரிங்கைத் தானாக நிலைகொள்ள விட்டு, அதன் பிறகு ஸ்க்ரூவை முடுக்குவதுதான் முறை.

எரர் போய்விட்டது, ஆனால் செங்குத்துக் கோடுகள் இரட்டிக்கின்றன என்றால் அலைன்மென்ட் பாக்கி. தலைக்கும் தாளுக்கும் 1.5 மி.மீ. இடைவெளி, துளியின் வேகம் நொடிக்கு 10 மீட்டர், கேரியேஜ் நொடிக்கு 1 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். துளி 0.15 மி.மீ. தள்ளி விழும். திரும்பி வரும்போது அதே அளவு எதிர்ப்பக்கம் விழும். இதை ஈடுகட்டும் கணக்கு பிசகினால் கோடு 0.3 மி.மீ. வரை பிளக்கும். 1:100 பிளானில் 9 அங்குலச் சுவரே சுமார் 2.3 மி.மீ.தான், சுவரின் கோடு இரண்டாகத் தெரிந்தால் பொறியாளர் தாளைத் திருப்பித் தருவார். ஒருதிசை மோடில் ஒரு பிரிண்ட் எடுத்துப் பாருங்கள். கோடு ஒன்றாகிவிட்டால் ஹெட் அலைன்மென்ட் ஓட்டினால் போதும். கிடைமட்டப் பட்டைகள் வேறு கதை. அது பேப்பர் ஃபீட் அல்லது அடைத்த நாசில். பெல்ட்டைத் தொடவே வேண்டாம்.

என் ஆத்திரம் முழுக்க அந்த எரர் திரையின் மேல். ஸ்ட்ரிப் அழுக்கா, பெல்ட் தொளதொளப்பா, மோட்டார் பழுதா, டியூப் சிக்கலா, எதுவானாலும் ஒரே எண்தான் வருகிறது. சென்சார் எண்ணத் தவறிய இடம் மெஷினுக்குத் தெரியாமலா இருக்கும்? அதைத் திரையில் ஒரு வரியாகப் போட்டிருந்தால் எத்தனையோ கடைக்காரர்கள் நல்ல மோட்டாரைக் கழற்றி எறிந்திருக்க மாட்டார்கள். இவ்வளவு நுட்பமாகக் கோடு போடத் தெரிந்த நிறுவனம் இதில் மட்டும் கஞ்சத்தனம் காட்டியதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

செகண்ட்ஹேண்டில் இதே வகையை வாங்கப் போகிறவர்கள், டெஸ்ட் பிரிண்டைப் பார்ப்பதற்கு முன் மூடியைத் திறந்து பெல்ட்டை விரலால் தேய்த்துப் பாருங்கள். கறுப்பு ஒட்டினால் பெல்ட்டுக்கும் ஸ்ட்ரிப்புக்கும் ஆகும் செலவை விலையில் குறைக்கச் சொல்லுங்கள்.