எதிராளி இல்லாத வாதம்

நம்முடைய தொடர்கதைகளில் வரும் நாஸ்திகனுக்கென்று ஒரு தலைவிதி உண்டு. முதல் அத்தியாயத்தில் அவன் கோயில் வாசலில் நின்று ஏளனமாக ஏதாவது பேசுவான். பாதிக் கதையில் அவன் குழந்தைக்கு ஜுரம் காணும். டாக்டர் கையை விரிப்பார். மனைவி மஞ்சள் துணியில் காசு முடிந்து வைப்பாள். கடைசி அத்தியாயத்தில் அவன் நெற்றியில் விபூதி துலங்கும். குழந்தை பிழைத்ததில் எனக்கும் சந்தோஷந்தான். ஆனால் அவனுடைய வாதம் என்ன ஆயிற்று? அதற்கு யார் பதில் சொன்னார்கள்? ஜுரம் பதில் சொல்லிவிட்டது!

எதிர்த் தரப்புக் கதைகளில் இதே தலைவிதி ஆஸ்திகனுக்கு. அவன் பூசாரியாக இருந்தால் பெண்பித்தன். பணக்காரனாக இருந்தால் வட்டிக்கு வட்டி வாங்கும் கொடுமைக்காரன். அண்ணாவின் 'வேலைக்காரி' 1949-லும் கருணாநிதியின் வசனத்தில் 'பராசக்தி' 1952-லும் படமாக வந்தபோது கொட்டகைகள் அதிர்ந்தன. அதிர வேண்டிய காரணமும் இருந்தது. கோயிலுக்குள் எல்லாரும் சமமாக நடத்தப்படாத நாட்டில், கோயிலுக்குள்ளேயே போய் ஒருவன் தெய்வத்தை நிறுத்திக் கேள்வி கேட்டான் என்பது லேசான விஷயம் அல்ல. ஆனாலும் அந்தப் பூசாரி பக்தனே அல்ல; பக்த வேஷம் போட்ட அயோக்கியன். அயோக்கியனை வெல்வதற்கு நாஸ்திகம் எதற்கு? போலீஸ் போதுமே!

இரு தரப்பிலும் இப்படி ஒரு வசதி இருக்கிறது. எதிராளியின் நாற்காலியில் வைக்கோல் பொம்மையை உட்கார்த்தி வைத்துவிட்டு ஜெயித்துக்கொண்டே இருக்கிறோம்.

நான் மன்னார்புரம்வாசி. இங்கிருந்து நடந்தே போய்விடும் தூரத்தில் ஜமால் முகம்மது கல்லூரி இருக்கிறது, 1951-ல் தொடங்கியது. பெரியார் நன்கொடை கொடுத்து 1965-ல் தோன்றிய ஈ.வெ.ரா. கல்லூரியும் இருக்கிறது. பஸ் ஏறினால் ஏசு சபைப் பாதிரிமார்களின் புனித வளனார் கல்லூரி. காவிரிப் பாலத்தைத் தாண்டினால் அரங்கன். இத்தனையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்த ஊர்க்காரர்கள் ஒருவரோடொருவர் பேசாமலா இருப்பார்கள்? பேசுகிறார்கள். எங்கள் தெருவில் பொன்மலை ரயில்வே தொழிற்சாலையில் ஒன்றாக வேலை பார்த்து ஓய்வு பெற்ற இரண்டு பெரியவர்கள் இருக்கிறார்கள். ஒருவர் கறுப்புச் சட்டை, மற்றவர் திருமண். காலையில் நான் கேட்ட பேச்சு இது:

"என்ன சாமி, ராவுகாலம் முடிஞ்சுதா? டீ குடிக்கப் போலாமா?"

"முடிஞ்சுது, வாங்கோ. உங்க பத்திரிகையைப் பார்த்தேன். மூணாம் பக்கத்துல எங்க ஆழ்வாரைத் திட்டியிருக்கான். திட்டட்டும். ஒரு ஆழ்வார் பாடினதை இன்னொருத்தர் தலையில கட்டியிருக்கானே, அது நியாயமா?"

"அப்படியா! எழுதிக் குடுங்க, நானே அனுப்பிச்சுடறேன்."

இருவரும் ஒருவரையொருவர் மாற்ற முயலவில்லை என்று நினைக்க வேண்டாம். தினந்தோறும் முயல்கிறார்கள். ஆனால் ஆழ்வாரைத் திட்டுகிறவன் ஆழ்வாரைச் சரியாகப் படித்துவிட்டுத் திட்ட வேண்டும் என்பதில் இருவருக்கும் கருத்து வேற்றுமை இல்லை.

அச்சில் வந்த வாதங்களில் இந்தக் குணம் இருக்கிறதா என்று தேடினால், முதலில் கையில் அகப்படுவது 'தீ பரவட்டும்'. கம்பராமாயணத்தையும் பெரிய புராணத்தையும் கொளுத்தத்தான் வேண்டுமா என்பது கேள்வி. 1943 பிப்ரவரியில் சென்னைச் சட்டக் கல்லூரியில் அண்ணாதுரையும் ரா. பி. சேதுப்பிள்ளையும் மோதினார்கள். மார்ச்சில் சேலத்தில் அண்ணாதுரையும் நாவலர் சோமசுந்தர பாரதியாரும். புத்தகத்தை எரிப்பது என்ற யோசனையே எனக்குக் கசப்பானது. எழுதிப் பிழைக்கிறவன் வேறு எப்படி நினைக்க முடியும்? இருந்தாலும் அந்தப் புத்தகத்தை எடுத்தால் முடிக்காமல் வைக்க முடிவதில்லை. எரிக்க வேண்டும் என்றவரும் கூடாது என்றவரும் ஒரே மேடையில் நிற்கிறார்கள். இரு தரப்புப் பேச்சும் ஒரே அட்டைக்குள் இருக்கிறது. கம்பனைத் தெரியாத ஒருவர் அதில் பேசவில்லை. கொளுத்தச் சொன்னவரும் வரி வரியாகப் படித்திருந்தார். படிக்காதவனால் அவ்வளவு கோபப்பட முடியாது.

இலக்கியமாகப் பார்த்தால் அந்தப் பேச்சுகளில் ஒரு குறையும் உண்டு. சேதுப்பிள்ளையும் அண்ணாவும் எதுகை மோனையில் சளைத்தவர்கள் அல்ல. சேதுப்பிள்ளையின் 'தமிழின்பம்' 1955-ல் தமிழுக்குச் சாகித்ய அகாடமியின் முதல் பரிசை வாங்கியது. அந்த அடுக்குமொழி வாசகர்களை எவ்வளவு மயக்கியது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். இப்படிப்பட்ட இருவர் மேடையேறினால் சபை எதற்குக் கை தட்டும்? நியாயத்துக்கா, நயத்துக்கா? காதுக்கு இன்பமான வாக்கியம் முடிந்ததும் மனம் தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. மேடைத் தமிழின் இந்தப் பழக்கம் நம் உரைநடைக்கும் தொற்றி, யோசிக்க வேண்டிய இடத்தில் நம்மைத் தலையாட்ட வைத்துவிட்டது என்பது என் அபிப்பிராயம்.

ஆனாலும் அங்கே மரியாதை இருந்தது. அதற்குக் காரணம் நல்ல குணம் மட்டும் அல்ல. சோமசுந்தர பாரதியார் 1937-லும் 1938-லும் கட்டாய இந்தியை எதிர்த்து நின்றவர்களில் முன்னணியில் இருந்தவர். அந்தக் கிளர்ச்சியில் 1938 ஆகஸ்டில் திருச்சியிலிருந்துதான் தமிழர் பெரும்படை சென்னைக்குக் கால்நடையாகப் புறப்பட்டது. அதே கிளர்ச்சியில் சிறை சென்றவர் அண்ணா. கடவுளைப் பற்றி ஒத்துப்போகாதவர்களுக்குத் தமிழ் என்று மூன்றாவதாக ஒன்று பொதுவாக இருந்தது. அதன் மேல் இருவருக்கும் இருந்த ஆசை வாதத்தைக் கைகலப்பாக விடவில்லை. 1968 ஜனவரியில், அண்ணா முதலமைச்சராக இருக்கையில், உலகத் தமிழ் மகாநாட்டை ஒட்டிச் சென்னைக் கடற்கரையில் கம்பனுக்குச் சிலை வைத்தார்கள். சேதுப்பிள்ளை 1961-லேயே போய்விட்டார். பாரதியார் அதற்கும் இரண்டு வருஷம் முன்பு. பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

திரு.வி.க.வுக்கும் பெரியாருக்கும் இருந்த உறவும் இந்த ஜாதிதான். 1925-ல் காஞ்சிபுரம் மகாநாட்டில் திரு.வி.க. தலைமை வகிக்க, பெரியார் தம் தீர்மானம் எடுபடாமல் வெளியேறினார். அந்தப் பிளவுக்குப் பிறகும் சிநேகம் நின்றது. குன்றக்குடி அடிகளாரைப் பற்றியும் எல்லாருக்கும் தெரியும். இவற்றையெல்லாம் 'பெருந்தன்மை' என்ற அலமாரியில் பூட்டி வைத்துவிடுவது நம் வழக்கம். எனக்கு அதில் திருப்தி இல்லை. பெருந்தன்மை வாதத்துக்குப் பதில் ஆகாது. அவர்கள் விடாமல் சண்டையும் போட்டார்கள் என்பதைச் சேர்த்துச் சொன்னால்தான் சிநேகத்தின் விலை தெரியும்.

இனி, இந்த ஊரிலேயே நடந்த விஷயத்துக்கு வருகிறேன். 1953 மே 27-ந் தேதி மாலை, திருச்சி டவுன்ஹால் மைதானத்தில் பெரியார் ஒரு மண் பிள்ளையாரை உடைத்தார். வீரபத்திரன் செட்டியார் என்பவர் கோர்ட்டுக்குப் போனார். மாஜிஸ்டிரேட் புகாரைத் தள்ளினார். செஷன்ஸ் ஜட்ஜும், பிறகு சென்னை ஹைகோர்ட்டும் அதையே ஒப்பின. கீழ்க் கோர்ட்டுகள் சொன்ன காரணத்தைக் கவனிக்க வேண்டும். உடைந்தது கோயிலில் பிரதிஷ்டை ஆன விக்கிரகம் அல்ல. வெறும் மண் பொம்மை. ஆகவே அது 'புனிதப் பொருள்' ஆகாது. பகுத்தறிவுக் கட்சிக்கு அனுகூலமான இந்தத் தீர்ப்பு எதை ஆதாரமாகக் கொண்டது? கும்பாபிஷேகத்தை! மந்திரம் ஓதி உயிர் ஏற்றினால்தான் சாமி, இல்லாவிட்டால் மண் என்பது ஆகமக்காரர்கள் பேசும் பேச்சு. நாஸ்திகரைக் காப்பாற்ற ஆகமம் வந்தது என்று நான் ஒரு கதையில் எழுதியிருந்தால் பத்திராசிரியர் 'நம்பும்படியாக இல்லை' என்று திருப்பி அனுப்பியிருப்பார்.

1958 ஆகஸ்ட் 25-ல் சுப்ரீம் கோர்ட் அந்தக் காரணத்தை ஒப்பவில்லை. ஒரு பொருள் அற்பமாக இருக்கலாம், தன்னளவில் மதிப்பே இல்லாததாக இருக்கலாம். ஒரு வகுப்பு மக்கள் அதைப் புனிதமாகக் கொண்டால் அது புனிதப் பொருளே. அந்த நம்பிக்கை அறிவுக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்பது கோர்ட்டின் வேலை அல்ல என்பது அதன் கருத்து. ஆனால் ஐந்து வருஷம் ஓடிவிட்டதால் மேற்கொண்டு விசாரணை வேண்டாம் என்றும் விட்டுவிட்டது. டில்லியில் அந்த வழக்கு நடந்தபோது எதிர்த் தரப்பு ஆஜராகவில்லை. எதிராளி இல்லாமலே வாதம் முடிந்தது.

அந்தத் தீர்ப்பை ஒரு கதாசிரியனாகப் படிக்கிறபோது எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. பிள்ளையார் சதுர்த்திக்குக் கடைத்தெருவில் பேரம் பேசி மண் பிள்ளையாரை வாங்குகிறோம். வீட்டுக்கு வரும் வரை பொம்மை. மணையில் வைத்து அருகம்புல் சாத்தியதும் சாமி. அப்புறம் ஒரு நாள் அதைக் காவிரியிலே கொண்டுபோய்க் கரைக்கிறோம்; கரைக்கையில் யாரும் மனம் புண்பட்டதாகச் சொல்வதில்லை. மஞ்சளைப் பிடித்து வைத்தால் பிள்ளையார். பூஜை முடிந்தால் மஞ்சள். இந்த வழக்கத்தை நன்றாக அறிந்த ஒரு பக்தர் அன்றைக்கு மைதானத்தில் எழுந்து, "ஐயா, அது மண் என்பது எங்களுக்கும் தெரியும். நாங்களே ஆற்றில் போடுகிறோம். நீங்கள் எதை உடைத்தீர்கள் என்பதுதான் கேள்வி" என்று கேட்டிருந்தால்? பெரியார் அதற்கு ஒரு பதில் சொல்லியிருப்பார். மனம் என்று ஒன்று இருக்கிறதே, அதில் சாதியைப் பிரதிஷ்டை செய்தது யார் என்று திருப்பியும் கேட்டிருப்பார். அந்தப் பதிலுக்கு அவர் பதில். அதுதான் சம்பாஷணை. நமக்குக் கிடைத்ததோ ஒரு பக்கம் உடைப்பு, மறு பக்கம் வழக்கு.

அதன் மறுபாதி 2006-ல் நடந்தது. ஸ்ரீரங்கம் கோயிலுக்கு எதிரே வைக்க இருந்த பெரியார் சிலையை, திறப்பு விழாவுக்கு முன்பே, டிசம்பர் 7-ந் தேதி உடைத்தார்கள். பகுத்தறிவாளர்கள் கொதித்தார்கள். கொதித்தது நியாயமே. ஆனால் 'அது வெறும் சிலைதானே' என்று யாரும் தோளைக் குலுக்கவில்லை. தன்னளவில் மதிப்பு இல்லாததும் ஒரு கூட்டத்தாருக்கு உயர்ந்த பொருளாகலாம் என்ற 1958-ன் விளக்கம் நாற்பத்தெட்டு வருஷம் கழித்துக் காவிரியைத் தாண்டி மறு கட்சியின் வாசலில் வந்து நின்றது. இதைச் சொன்னால் எங்கள் தெருக் கறுப்புச் சட்டைக்காரருக்குக் கோபம் வருகிறது. "சிலையை நாங்க கும்பிடலீங்க, நினைவுக்கு வச்சிருக்கோம்" என்கிறார். வித்தியாசம் உண்மைதான். அவர் குரல் நடுங்கியதும் உண்மைதான்.

சீமையிலும் இப்படி ஒரு வாதம் பிரசித்தம். 1948 ஜனவரியில் பி.பி.சி. வானொலியில் பெர்ட்ரண்ட் ரஸ்ஸலும் ஏசு சபைப் பாதிரியார் காப்பிள்ஸ்டனும் கடவுள் உண்டா என்று பேசினார்கள். கடவுள் என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்பதில் முதலில் ஒப்பந்தம் செய்துகொண்ட பிறகே சண்டைக்குப் போனார்கள். யாரும் யாரையும் மாற்றவில்லை. அவ்வளவு கச்சிதமான வாதத்தில் எனக்கு மட்டும் ஒரு குறை: அதிலே ஜுரம் கண்ட குழந்தை இல்லை. வீடு, வாசல், சாதி, சாப்பாடு ஒன்றும் இல்லை.

இவையெல்லாம் இருக்கும் சம்பாஷணை தமிழில் ஒன்று உண்டு. சட்டக் கல்லூரியில் அந்த வாதம் நடந்த அதே 1943-ல் புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' வந்தது. பட்டணத்துத் தெருவில் எதிர்ப்பட்ட கடவுளைக் கந்தசாமிப் பிள்ளை காபிக்கு அழைத்துப் போகிறார். தம் வைத்தியப் பத்திரிகைக்கு ஆயுள் சந்தா வசூலிக்கிறார். காலில் விழவும் இல்லை, கல் எறியவும் இல்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளியை நடத்துகிற மரியாதை உண்டு. சலுகை மட்டும் கிடையாது. மனிதர்களோடு கூடி வாழ்வது தம்மால் ஆகாத காரியம் என்று கடவுளே ஒப்புக்கொள்ளும் இடம் வருகிறதே, அங்கே ஜெயித்தது யார் என்று என்னால் இன்று வரை சொல்ல முடியவில்லை. ஆஸ்திகர்களும் நாஸ்திகர்களும் அந்தக் கதையைத் தங்கள் பக்கம் சேர்த்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

நாவலாசிரியர்கள் அங்கிருந்து மேலே போகவில்லை. டவுன்ஹால் மைதானத்தில் உடைந்த பிள்ளையாரை எங்கோ ஒருவர் பிசைந்து, தொந்தி வைத்து, குன்றிமணியால் கண் பதித்திருப்பார் அல்லவா? வழக்குப் புகாரோடு நின்றுவிட்டதால் சாட்சிக் கூண்டு கடைசிவரை காலியாகவே இருந்தது. அவர் அன்று கூட்டத்துக்குப் போனாரா, கை தட்டினாரா, கண்ணை மூடிக்கொண்டாரா, அடுத்த சதுர்த்திக்கு எத்தனை பிள்ளையார் செய்தார்? நாவல் எழுதுகிறவன் அவர் வீட்டிலிருந்து ஆரம்பிக்கலாம்.