எப்படி ரசிப்பது? அப்பாரு காலத்துச் சைக்கிள்

சேலத்திலிருந்து நாமக்கல் போகிற வழியில் பெருஞ்சாலையை விட்டு இறங்கி எந்த ஊருக்குள் நுழைந்தாலும், தறிக்கூடத்துச் சுவரிலோ மாட்டுக்கொட்டகை ஓரத்திலோ ஒரு கறுப்புச் சைக்கிள் சாய்ந்து நிற்பதைப் பார்க்கலாம். 28 அங்குலச் சக்கரம், கம்பி பிரேக், தோல் சீட்டு. வீட்டுக்குப் பைக்கும் காரும் வந்த பிறகும், அப்பாரு, அதாவது தாத்தா, ஓட்டிய வண்டி என்று அதை எடைக்குப் போடாமல் வைத்திருப்பார்கள். அந்த மாதிரி வண்டிகளைத் தேடிப் போய்ப் பார்க்கிறவர்கள், பழுது நீக்கி ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டுகிறவர்கள் இன்று நிறையப் பேர். இந்த ஆசை புதிதாகப் பிடித்தவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ராலி எது, ஹம்பர் எது என்று வண்டியின் கம்பெனியைக் கண்டுபிடிப்பது பெரிய வித்தை இல்லை. நாலு வண்டியை நிதானமாகப் பார்த்தால் வந்துவிடும். வண்டிக்காரரிடமும், மெக்கானிக்கிடமும், கூட ஓட்டுகிறவரிடமும் எப்படி நடந்துகொள்வது என்பதைத்தான் கற்றுக்கொள்ள வேண்டும். பார்க்கத் தெரிவதும் பழகத் தெரிவதும் சேர்ந்தால்தான் அது ரசனை.

செயின் பக்கம் நின்று பாருங்கள்

பார்ப்பதற்கு ஒரு வரிசை வைத்துக்கொள்ளுங்கள். வண்டியின் வலப்பக்கம், அதாவது செயின் இருக்கிற பக்கம் நில்லுங்கள். முதலில் செயின் வீல். ராலி என்றால் அதில் கொக்குத் தலைகள் வெட்டியிருக்கும். ரட்ஜ் என்றால் ஒரு கை. பி.எஸ்.ஏ. என்றால் அந்த மூன்று எழுத்துகளே வீலுக்குள் இருக்கும். பர்மிங்ஹாமில் துப்பாக்கி செய்து வளர்ந்த நிறுவனம் அது. அதனால்தான் அதன் சின்னத்தில் மூன்று துப்பாக்கிகள் ஒன்றோடொன்று சாய்ந்து நிற்கின்றன. முழுச் செயின் கவர் போட்டிருந்தால் வீல் தெரியாது. அப்போது முன்னால் வந்து ஹேண்டில்பாருக்குக் கீழே இருக்கும் உலோகச் சின்னத்தைப் பாருங்கள். முன் போர்க்கில் பக்கத்துக்கு இரண்டாக நாலு மெல்லிய குழாய்கள் இறங்கினால், சின்னம் உதிர்ந்து போயிருந்தாலும் ஹம்பராகத்தான் இருக்கும் என்று நினைக்கலாம்.

அடுத்தது சக்கரம். கம்பிகளை எண்ணுங்கள்: முன்னே 32, பின்னே 40. ஆளின் எடையும் கேரியர் பாரமும் பின்சக்கரத்தில்தான் விழும் என்று இங்கிலாந்தில் போட்ட கணக்கு அது. நம் நாட்டுத் தொழிற்சாலைகளும் அதையே பின்பற்றின. பிறகு பிரேக் லீவரை மெதுவாக அழுத்தி, கட்டை எங்கே போய்ப் பிடிக்கிறது என்று கவனியுங்கள். இப்போதைய சைக்கிள்போல ரிம்மின் பக்கவாட்டில் பிடிக்காது. அச்சைப் பார்த்த உட்புறத்தில் பிடிக்கும். அதனால் ரிம் கொஞ்சம் கோட்டமாக ஓடினாலும் பிரேக் வேலை செய்யும். மழையில் மட்டும் அதை நம்பி வேகமாகப் போகக் கூடாது.

பின் ஹப் வழக்கத்தைவிடப் பருமனாக இருந்தால் குனிந்து பாருங்கள். ஸ்டர்மி ஆர்ச்சர் மூன்று கியர் ஹப்பாக இருக்கலாம். ‘ஏ.டபிள்யூ.’ என்ற எழுத்துகளோடு 52 என்று பொறித்திருந்தால் அந்த ஹப் 1952இல் செய்தது. நடுக் கியர் நேராக ஓடும். கீழ்க் கியரில் வேகம் அதில் முக்கால் பங்கு, மேல் கியரில் மூன்றில் ஒரு பங்கு கூடுதல். ஓட்டக் கொடுத்தால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். நடுக் கியரிலும் மேல் கியரிலும் மிதிக்கும்போது டிக் டிக் என்று சன்னமாகக் கேட்கும். கீழ்க் கியரில் சத்தமே இருக்காது. எந்தக் கியரில் போகிறோம் என்பதைப் பார்க்காமலே சொல்லிவிடலாம்.

அம்பத்தூரா, நாட்டிங்ஹாமா?

ராலி 1880களில் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரத்தில் தொடங்கியது. ஆனால் நம் பக்கத்தில் நிற்கிற வண்டிகளில் பெரும்பாலானவை இந்தியாவில் செய்தவை. விடுதலைக்குப் பிறகு 1949இல் முருகப்பா குடும்பமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸை நிறுவ, அம்பத்தூரிலிருந்து ஹெர்குலிஸ் வந்தது. ஆசன்சோலில் சென்-ராலி வந்தது. 1951இல் சோனிபட்டில் அட்லஸ், 1956இல் லூதியானாவில் ஹீரோ.

இங்கேதான் இந்த ரசிகர் கூட்டத்தின் முதல் ஒழுக்கம் வருகிறது: இருப்பதை இருக்கிறபடி சொல்லுங்கள். ஒரு விளக்கிலோ சீட்டிலோ இங்கிலாந்துப் பெயர் இருக்கிறது என்பதற்காக முழு வண்டியையும் ‘இங்கிலாந்து வண்டி’ என்று விற்கக் கூடாது. அதே சமயம், நாட்டிங்ஹாம் பிரேமில் லூதியானா ரிம்மும் அம்பத்தூர் பெடலும் இருப்பதைப் பார்த்து ‘ஒட்டு வண்டி’ என்று முகம் சுளிக்கவும் கூடாது. அறுபது வருஷம் ஓடிய வண்டியில் தேய்ந்ததை மாற்றித்தான் ஆக வேண்டும். மாற்றிய ஒவ்வொரு சாமானும், அந்த வண்டி ஒரு வீட்டுக்கு எவ்வளவு வேண்டியதாக இருந்தது என்பதற்குச் சாட்சி. அம்பத்தூர் ஹெர்குலிஸை நாட்டிங்ஹாம் ராலிக்குக் கீழே வைக்கிற பழக்கத்தை நாம் விட வேண்டும். இந்தச் சேலம்-நாமக்கல் சமவெளியின் பாரத்தைச் சுமந்ததில் பெரும்பங்கு நம் ஊர் வண்டிகளுடையது.

தேய்மானத்தில் தொழில் தெரியும்

சமவெளிச் சைக்கிளின் அழகு மினுமினுப்பில் இல்லை, தேய்மானத்தில் இருக்கிறது. டபுள் பார் வண்டியா? பாரம் ஏற்றுவதற்கென்றே வாங்கியது. கேரியரில் கூடுதலாகப் பட்டை வைத்துப் பற்றவைத்திருக்கிறதா? பின்னால் இரண்டு பக்கமும் பால் கேன் தொங்கியிருக்கும், அல்லது குமாரபாளையம், பள்ளிபாளையம் பக்கம் நூல் கட்டு ஏறியிருக்கும். பாரில் ஒரே இடத்தில் பெயின்ட் வழுவழுவென்று போயிருந்தால் அங்கே பல வருஷம் ஒரு குழந்தை உட்கார்ந்து பள்ளிக்கூடம் போயிருக்கலாம். பாருக்குக் கீழே, பிரேமின் உள்பக்கம் கீறல்கள் இருந்தால், சீட்டுக்கு எட்டாத பிள்ளைகள் இடையில் காலை நுழைத்துக் குரங்கு பெடல் போட்டிருப்பார்கள். கமலக்கண்ணன் இயக்கி 2024இல் அதே பெயரில் வந்த படத்தைப் பார்த்தவர்களுக்கு, வாடகைச் சைக்கிளுக்காக ஒரு பையன் தவித்த தவிப்பு நினைவிருக்கும். அந்தத் தவிப்பின் தடயங்கள்தான் இந்தக் கீறல்கள்.

இன்னும் பாருங்கள். உள்ளாட்சி மன்றம் சைக்கிளுக்கு வரி வாங்கிக்கொண்டு கொடுத்த லைசென்ஸ் வில்லை எங்காவது முறுக்கிக் கட்டியிருக்கும். செயின் கவரில் கையால் எழுதிய பெயர் இருக்கும். ஹேண்டில்பார் இடுக்கில் ஆயுத பூஜைச் சந்தனம் காய்ந்து ஒட்டியிருக்கும். தயவுசெய்து இவற்றைச் சுரண்டி எடுக்காதீர்கள். தொழிற்சாலை ஆயிரம் வண்டிகளை ஒரே மாதிரி செய்தது. இவைதான் அந்த ஒரு வண்டியைத் தனி வண்டியாக்குகின்றன.

விலைப் பேச்சு கடைசியில்

வீட்டு வாசலில் நிற்கும் வண்டியைப் பார்த்ததும் “எவ்வளவுக்குத் தருவீங்க?” என்று கேட்பது இந்த வட்டாரத்தில் மரியாதை இல்லை. அந்தக் காலத்தில் மாப்பிள்ளைக்குச் சீராக வந்த பொருள்களில் சைக்கிளும் ஒன்று. சீராக வந்ததை விலை கேட்கிறோம் என்பதை மறக்கக் கூடாது. பேச்சு இப்படி நடந்தால் நல்லது:

“ஏனுங்கம்மா, இந்த வண்டி யாருதுங்க?”

“எங்க அப்பாரு வண்டிங்க தம்பி. திருச்செங்கோட்டுச் சந்தைக்குப் போறது வாரது எல்லாம் இதுலதான்.”

“கிட்ட வந்து பாத்துக்கலாங்களா?”

“பாருங்க, அதுக்கென்ன. காத்துதான் இல்லைங்க.”

அதன் பிறகு அவர்கள் பேசட்டும். யார் வாங்கியது, எந்த ஊர்க் கடையில், யார் யார் அதில் ஓட்டிப் பழகியது என்று தானாக வரும். அந்தப் பேச்சை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வண்டியோடு அதுவும் போக வேண்டிய சொத்து. “கொடுக்கறதில்லைங்க” என்றால் அத்தோடு விட்டுவிடுங்கள். திரும்பத் திரும்பப் போய் நச்சரிப்பதும், பேரனைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுவதும் அநியாயம். அவர்களே விற்க முன்வந்தால், “துருப் பிடிச்சுப் போச்சு, எடைக்குத்தான் போகும்” என்று பொய் சொல்லி விலையைக் குறைக்காதீர்கள். அது என்ன வண்டி, வெளியே என்ன விலை போகும் என்று உள்ளதைச் சொல்லி, பிறகு உங்களால் முடிந்ததைச் சொல்லுங்கள். வயதானவர் அறியாமையில் லாபம் பார்த்தவர் என்ற பெயர் ஒருமுறை வந்தால், அடுத்த ஊரில் உங்களுக்கு எந்த வாசலும் திறக்காது.

பிரிக்காதீர்கள், பூசாதீர்கள்

சின்னத்துக்காகவும் விளக்குக்காகவும் முழு வண்டியைப் பிரித்துத் தனித்தனியாக விற்பது பெரிய பாவம். ஏற்கெனவே உடைந்த வண்டியிலிருந்து சாமான் எடுக்கலாம். முழுதாக நிற்பதை உடைக்கக் கூடாது. பெயின்ட் விஷயத்திலும் அவசரம் வேண்டாம். பழைய கறுப்பு எனாமல் மீது தூரிகையால் இழுத்த பொன்னிறக் கோடுகள் ஈரத் துணியால் மெல்லத் துடைத்தாலே தெளியும். உப்புத்தாள் பட்டால் போனதுதான். முதலில் துடையுங்கள், ஆயில் போடுங்கள், ஒரு மழைக்காலம் ஓட்டிப் பாருங்கள். அப்போதும் பூசியே ஆக வேண்டும் என்று தோன்றினால் பூசுங்கள். அடுத்தவர் புதுப் பெயின்ட் அடித்துவிட்டால் கூட்டத்தில் வைத்து அவமானப்படுத்த வேண்டியதில்லை. அப்பா நினைவாக ஆசைப்பட்டு அடித்திருப்பார். நல்லா ஓடுதுங்களா என்று கேளுங்கள்.

கழற்றும்போதும் பொறுமை வேண்டும். பி.எஸ்.ஏ. பிரபலமாக்கிய மரையில் அங்குலத்துக்கு 24 சுற்று. இன்றும் உலகம் முழுக்கப் பல சைக்கிள்களின் பெடல் அச்சுக் கிண்ணத்தில் அதே அளவுதான். நாட்டிங்ஹாம் ராலியோ தன் வண்டிகளில் 26 சுற்று வைத்தது. கிட்டத்தட்டப் பொருந்துவதுபோல் தெரியும். வேகமாக முறுக்கினால் பிரேமே கெட்டுவிடும். இது தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லித் தர வேண்டும். பெடல் கையை அச்சோடு பிணைக்கும் காட்டர் பின் வீட்டில் இரண்டு இருந்தால் ஒன்றை இல்லாதவருக்குக் கொடுங்கள். இந்தப் பழக்கம் உயிரோடு இருப்பதே கொடுக்கல் வாங்கலில்தான்.

மெக்கானிக்கை மதியுங்கள்

மரத்தடியில் பம்பும் தண்ணீர்த் தொட்டியும் வைத்து உட்கார்ந்திருப்பவர்தான் நமக்கு ஆசிரியர். சக்கரத்தைத் தாங்கியில் மாட்டிச் சுற்றிவிட்டு, கட்டைவிரலை ரிம்முக்குப் பக்கத்தில் வைத்து, உரசுகிற இடத்தில் கம்பியை அரைத் திருப்பு திருப்புவார். மறுபடி சுற்றுவார். அளவுக் கருவி எதுவும் இல்லாமல் கோட்டம் எடுத்துவிடுவார். பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், “அண்ணா” என்று கூப்பிட்டுக் கேளுங்கள். கேட்ட கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். படம் எடுப்பதானால் அனுமதி கேட்டு எடுங்கள். புத்தகம் படித்துத் தெரிந்துகொண்டதை வைத்து அவரைத் திருத்தப் போகாதீர்கள்.

கியர் சைக்கிளும் நம் சொந்தம்தான்

கம்பி பிரேக் வண்டிக்காரர்களில் சிலர் 1990களின் ஹெர்குலிஸ் எம்.டி.பி.யையும் ஹீரோ ரேஞ்சரையும் மதிப்பதில்லை. அது சரியில்லை. அவற்றுக்கு முன்மாதிரியான மவுன்டன் பைக் பிறந்ததே பழைய கனத்த வண்டிகளிலிருந்துதான். கலிபோர்னியாவின் மரின் பகுதியில் 1970களில் சில இளைஞர்கள் 1930களின், 40களின் ஷ்வின் சைக்கிள்களை மலைப் பாதையில் இறக்கி ஓட்டினார்கள். 1976இல் தொடங்கிய அவர்களது பந்தயத்துக்கு ‘ரீபேக்’ என்று பெயர். இறங்கி வருவதற்குள் பின் பிரேக் ஹப்பின் கிரீஸ் சூடேறி எரிந்துபோகும், மறுபடி அடைக்க வேண்டும் என்பதால் அந்தப் பெயர். 1977இல் அவர்களில் ஒருவரான ஜோ பிரீஸ் அந்த ஓட்டத்துக்கென்றே பிரேம் செய்தார். 1981இல் ஸ்டம்ப்ஜம்பர் என்ற மவுன்டன் பைக் கடைகளுக்கு வந்தது. ஆக, அப்பாரு வண்டியும் அண்ணன் ஓட்டிய ரேஞ்சரும் ஒரே குடும்பம். 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கொல்லிமலைக்கு ஒற்றைக் கியர் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஏறியவர் யாரும் கியரைக் குறைத்துப் பேச மாட்டார்.

சேர்ந்து ஓட்டும்போது

நாலு வழிச் சாலையை விட்டுவிட்டு வாய்க்கால் ஓரச் சாலைகளில் போங்கள். பரமத்தி வேலூர்ப் பக்கம் வாழைத் தோட்டங்களுக்கு நடுவே போகிற சாலைகள் இந்த வண்டிகளின் வேகத்துக்கே போட்டவைபோல இருக்கும். கடைசியில் வருகிறவரின் வேகம்தான் எல்லாருக்கும் வேகம். ஒருவருக்குப் பஞ்சர் ஆனால் எல்லாரும் நிற்க வேண்டும். அடுத்தவர் வண்டியில் ஏறும் முன் கேளுங்கள், சீட்டு உயரத்தை மாற்றினால் திரும்ப வைத்துக் கொடுங்கள். வழியில் கேரியரில் புல்கட்டு ஏற்றிக்கொண்டு ஒருவர் வந்தால் அவருக்கு வழிவிடுங்கள். நமக்குப் பொழுதுபோக்காக இருப்பது அவருக்கு அன்றாடம். சைக்கிளைப் பற்றி நம் எல்லாரையும்விட அவருக்கு அதிகம் தெரியும். டீக்கடையில் அவர் பக்கத்தில் உட்கார இடம் கிடைத்தால் முதலில் அவர் வண்டியைப் பற்றிக் கேளுங்கள். உங்கள் வண்டியைப் பற்றி அவர் கேட்டால் மட்டும் சொல்லுங்கள்.